கீழிருந்து மடித்த தாள்

கவிஞர் கெங்கை அரங்கனைப் பற்றிப் பேச எங்கள் பக்கத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை. மேடையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் இருக்கிறார்கள், பொன்னாடை போர்த்தியவர்கள் இருக்கிறார்கள், தங்கள் கல்யாணத்துக்கு அவர் எழுதிய வாழ்த்து மடலைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். நான் அந்தக் கூட்டத்தில் சேர்த்தி இல்லை. தேனியில் ஒரு வாரப் பத்திரிகையில் இருபத்தேழு வருடம் தட்டச்சு செய்து பக்கம் கட்டினேன். வாராவாரம் அவரை வெட்டியவள் நான்.

இதை இப்போது எழுத வந்ததற்குக் காரணம் ஜெயந்தி. கல்லூரியில் தமிழ் நடத்துகிற பெண். கவிஞர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவருடைய எழுத்தைத் திரட்டித் தொகுப்பாகக் கொண்டுவரும் வேலையை அவள் இழுத்துப்போட்டுச் செய்கிறாள். ஒரு நாள் சாயங்காலம் ஒரு கட்டு அச்சுப் படியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள்.

"மேடம், ஐயா கைப்பட எழுதுன தாளு ஒண்ணுகூடக் கெடைக்கல. பத்திரிகைல வந்ததத்தேன் எடுத்துச் சேத்திருக்கோம். உங்ககிட்டக் கேட்டா இருக்கும்னு சொன்னாக."

"எங்கிட்ட ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் எதுத்த கடையில வடை மடிக்கப் போயிருச்சு."

அவள் சிரித்தாள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அச்சான வாரத்தின் தாள்களைக் கம்பியில் குத்தி வைப்போம். சனிக்கிழமை கம்பியைக் காலி செய்து எதிர்க் கடைக்குக் கொடுத்துவிடுவோம். பதிலுக்கு ஆளுக்கு ஒரு டீ வரும். அப்படித்தான் அந்த மனிதரின் ஆயுசு முழுக்க எழுதியது எண்ணெய் குடித்துப் போயிற்று.

என் பயிற்சிக் காலத்தைச் சொல்ல அதிகமில்லை. வடுகபட்டிக்காரி, அப்பா பூண்டு மண்டியில் வேலை. டைப்ரைட்டிங் பாஸ் பண்ணி, கொஞ்சம் கம்ப்யூட்டர் படித்து, தமிழ் வேகமாக அடிப்பாள் என்ற ஒரே தகுதியில் சேர்ந்தேன். முதல் மாதம் பிழை, இரண்டாம் மாதம் திட்டு, மூன்றாம் மாதம் பக்கம் கட்டுகிற நாற்காலி. மீதியை ஆசிரியர் சொல்லிக்கொடுத்தார்.

ஆசிரியர் இஸ்மாயில் சார் உத்தமபாளையத்துக்காரர். வெள்ளை அரைக்கைச் சட்டை, கையில் எப்போதும் ஓரடி எஃகு ஸ்கேல். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் ஸ்கேலை மேசைமேல் சத்தமில்லாமல் வைப்பார். வேலை பிடித்திருந்தால் ஸ்கேல் நுனியால் பக்கத்தை இரண்டு தட்டுத் தட்டுவார். அந்த இரண்டு தட்டுக்காக நான் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு.

எங்களுடையது எட்டுப் பக்கம். புதன்கிழமை மத்தியானம் பக்கங்கள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். விளம்பரம் எந்த நேரத்திலும் வரும். வந்தால் இடம் விட்டுத்தான் ஆக வேண்டும், அதில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. அப்போது எதை வெட்டுவது, எப்படி வெட்டுவது என்று முதல் வாரமே சார் சொல்லிவிட்டார்.

"ஏம்மா சாந்தா, செய்திக்குத் தலைதேன் உசுரு. வால் போனாலும் மாடு மாடுதேன். அடிச்சு முடிச்சிட்டு வெட்டாத, நேரமும் போச்சு, மனசும் வராது. தாள்லயே அளந்து கீழ இருந்து மடிச்சுரு. மடிச்சது கண்ணுல படக் கூடாது."

அதுதான் எங்கள் முறை. யாருடைய கையெழுத்தில் ஒரு தாள் எத்தனை வரி பிடிக்கும் என்று எனக்கு மனப்பாடம். பக்கத்தில் மிச்சம் இருக்கிற இடத்தை ஸ்கேலால் அளந்து, தாளில் அந்த இடத்தில் விரலை வைத்து, கீழே இருப்பதை உள்பக்கமாக மடித்துவிடுவேன். முழுத் தாளே மிஞ்சினால் அது நேராகக் கம்பிக்குப் போகும். மடித்ததை நான் படித்ததே இல்லை. படித்தால் மனம் இளகும் என்று சார் சொன்னது சரிதான். செய்திக்கு அந்த முறை சரி. கட்டுரைக்கும் அதையே செய்தேன், யாரும் தடுக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

கவிஞர் செவ்வாய்க்கிழமைதோறும் வருவார். கெங்குவார்பட்டியில் வீடு. சொந்தப் பெயர் அரங்கசாமி. கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்துகொண்டே எழுதித் தள்ளினார். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை மலர், பள்ளி ஆண்டு விழா, ஓய்வு பெறுகிறவருக்குப் பிரிவு மடல், இறந்தவருக்குக் கண்ணீர் அஞ்சலி என்று கேட்டவருக்கெல்லாம் கவிதை கொடுத்தார். எங்களுக்கு வாரம் ஒரு கட்டுரை. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வருகிற நாள், கம்பத்துத் திராட்சைக்கு மருந்தடிக்கிறவன் முதுகு, ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் நெருக்கி ஏறிப் போகிற பெண்கள் என்று கண்ணில் பட்டது எதையும் அவர் விட்டதில்லை. வாழைக்காய் மண்டிக்காரர் கொடுத்த பழைய நோட்டீஸ்களின் பின்பக்கத்தில்தான் எழுதுவார். படி எடுத்து வைக்கிற பழக்கமே கிடையாது. "ஊத்துல தண்ணி இருக்கையில குடத்துல எதுக்குத் தாயி சேக்கணும்?" என்பார்.

கட்டுரையின் முதல் தாள்கள் வீட்டில் எழுதியவை, முத்து முத்தாக இருக்கும். கடைசித் தாள் மட்டும் பஸ்ஸில் எழுதியது. பெரியகுளம் தாண்டியதும் தொடங்கி தேனி வருவதற்குள் முடிப்பாராம். எழுத்தெல்லாம் ஆடிக் குதித்துக் கிடக்கும். மடிப்பதற்கு எனக்கு வருத்தமே இல்லாத தாள் அதுதான். நான் வெட்டுவதை அவர் கிண்டலாகத்தான் எடுத்துக்கொண்டார். "பூண்டு ஊர்ப் பிள்ளைல்ல, அதேன் உரிக்க உரிக்க நிப்பாட்ட மாட்டேங்குது," என்பார்.

அவரிடம் ஒரு குறை உண்டு. வீட்டில் நடப்பதும் அவருக்குக் கட்டுரைதான். "அவுக முன்னாடி தும்முறதுக்குக்கூடப் பயமாருக்கு. வியாழக்கெழம பேப்பர்ல வந்துருது," என்று அவர் மனைவி ஒருதரம் என்னிடம் சொன்னார். நாங்கள் இருவரும் சிரித்தோம். அது சிரிக்கிற விஷயமில்லை என்பது அவர் தம்பிக்குத்தான் தெரிந்தது.

தம்பி சீனிவாசன் கூடலூரில் இருக்கிறார். அங்கிருந்து குமுளிக்கு மேலே ஜீப் ஓட்டிப் பிழைத்தவர். அவர்கள் அம்மா இறந்த அன்று சீனிவாசன் மலைமேல் தோட்டத்துக்குச் சவாரி போயிருந்தார். எங்கள் பக்கத்தில் தகப்பனுக்குத் தலைப்பிள்ளை, தாய்க்குக் கடைப்பிள்ளை கொள்ளி வைக்க வேண்டும். கடைப்பிள்ளை வந்து சேரவில்லை. பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும் என்று ஊரார் நெருக்க, அண்ணனே கொள்ளி வைத்தார். தம்பி வந்தபோது சுடுகாட்டில் தணல்தான் இருந்தது.

காரியம் முடிந்த அடுத்த செவ்வாயே கவிஞர் கட்டுரையோடு வந்தார். தாய்க்குக் கொள்ளி வைக்க வராத பிள்ளையைப் பற்றியது. நான் அழுதுகொண்டே அடித்தேன். அந்த வாரம் விளம்பரம் இல்லை, ஒரு வரி வெட்டவில்லை. வாசகர் கடிதம் கட்டுக்கட்டாக வந்தது. கூடலூர் ஜீப் ஸ்டாண்டிலும் எங்கள் பத்திரிகை போகும். அங்கே அந்த மனிதரை என்ன பேசியிருப்பார்கள் என்று நாங்கள் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு சீனிவாசன் கெங்குவார்பட்டிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை, அண்ணனோடு ஒரு பேச்சு இல்லை.

ஆறு வருடம் போயிற்று. ஒரு ஆடி மாதம் கவிஞர் 'தீ' என்று ஒரு கட்டுரை கொண்டுவந்தார். நாலு தாள். அம்மா இறந்த அந்த நாளைப் பற்றித்தான் மறுபடியும். புதன்கிழமை காலையில் ஒரு ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடி விளம்பரம் வந்தது. அளந்தேன். மூன்று தாள் சரியாக நின்றது. மூன்றாம் தாளின் கடைசி வரி இது: 'கொள்ளியைக் கையில் வாங்கும் வரை வழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி வரவில்லை.' நாலாவது தாளைப் படிக்காமலே மடித்துக் கம்பியில் குத்தினேன்.

சார் பக்கத்தைப் பார்த்தார். கடைசி வரியை இரண்டுதரம் படித்தார். ஸ்கேல் நுனியால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"நல்ல எடத்துல நிப்பாட்டிருக்கம்மா," என்றார்.

அன்று எனக்கு ஏற்பட்ட பெருமையை மறைக்க விரும்பவில்லை. பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதுகூட அந்த முடிவை நினைத்துச் சந்தோஷப்பட்டேன். கவிஞர் எழுதியதைவிட நான் நன்றாக முடித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் வந்து என் மேசை ஓரம் நின்றார். உட்காரவில்லை.

"ஏந்தாயி, போன வாரம் கடைசித் தாளு எங்கன?"

"விளம்பரம் வந்துருச்சுங்கய்யா. எடம் பத்தல."

"தாளு இருக்கா?"

"சனிக்கெழமையே கடைக்குப் போயிருச்சே."

எதிர்க் கடையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "சரி, விடு," என்றார். வழக்கமான கிண்டல் இல்லை. அடுத்த வாரத்திலிருந்து கட்டுரைகள் அளந்து வைத்தாற்போல் வந்தன. பஸ்ஸில் எழுதிய தாளே இல்லை. வெட்ட வேண்டிய வேலை எனக்கு இல்லாமல் போயிற்று. மனிதர் ஒருவழியாகப் பத்திரிகைக்கு எழுதப் பழகிவிட்டார் என்று சாரிடம் சொன்னேன். தம்பியைப் பற்றி அவர் அதன் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை.

சார் காலமானார். எனக்கும் வயதாகி ஓய்வு பெற்றேன். அதற்கு அடுத்த வருடம் தை மாதம், கவிஞர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், என்னைக் கேட்கிறார் என்று அவர் மகன் போன் பண்ணினார். போனேன். ஆள் பாதியாகியிருந்தார். மகனை டீ வாங்க அனுப்பிவிட்டுப் பேசினார்.

"'தீ'ன்னு ஒண்ணு எழுதுனேன், ஞாபகம் இருக்கா தாயி?"

"இருக்குதுங்கய்யா. தம்பி வரவில்லைன்னு முடியும்."

"அதுல முடியல. அடுத்த தாளு எப்பிடி ஆரம்பிச்சுச்சு தெரியுமா? இது பொய்ன்னு ஆரம்பிச்சுச்சு."

அவர் நிறுத்தி நிறுத்தி மீதியைச் சொன்னார். மத்தியானமே குமுளியிலிருந்து சீனிவாசன் தெருமுனைக் கடைக்குப் போன் பண்ணியிருக்கிறார். வந்துகொண்டிருக்கிறேன், கடைப்பிள்ளை நான் வராமல் எடுத்துவிடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். கடைக்காரர் ஓடிவந்து அண்ணன் காதில் சொல்லிவிட்டார். அண்ணன் அதை யாரிடமும் சொல்லவில்லை.

"கோவம் தாயி. ஆத்தா படுக்கையில கெடக்கையில எட்டிப் பாக்காதவன், கொள்ளிக்கு மட்டும் வர்றானான்னு ஒரு கோவம். காத்திருக்கல. காத்திருக்காதவன் நானு, வராதவன் அவன்னு எழுதிட்டேன். ஊரே கை தட்டுச்சு. ஆறு வருசம் கழிச்சுப் பஸ்ஸுல வச்சு நெசத்த எழுதுனேன்."

"அடுத்த வாரமே மறுபடி எழுதியிருக்கலாமேய்யா. ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருந்தா..."

"ஒருதரந்தேன் வந்துச்சு. ரெண்டாந்தரம் எழுத உக்காந்தா நல்லா எழுதணும்னு தோணுது. மன்னிப்பக்கூட அழகா எழுதணும்னு தோணுது. அப்பிடி ஒரு கையி எனக்கு."

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "நீ போயி அவன்ட்டச் சொல்றியா? எம்மகன் சொன்னா அப்பனுக்காகப் பேசுறான்னு நெனப்பான். நீ அந்தத் தாளத் தொட்டவ."

போகிறேன் என்று சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன்.

போகவில்லை. முதல் வாரம் மூட்டு வலி. அடுத்தது பேத்திக்குக் காதுகுத்து. மாசியில் வெயில். நான் சொல்லிக்கொண்ட காரணங்கள் இவை. நிஜக் காரணம் வேறு. கூடலூருக்குப் போனால், அந்தத் தாளைப் படிக்காமல் மடித்தவள் நான் என்று அந்த மனிதரின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். வேலையில் ஒரு பிழை சொல்லவிடாமல் இருபத்தேழு வருடம் கழித்தவள் என்ற வீம்பு எனக்கு. ஆஸ்பத்திரிக்கும் மறுபடி போகவில்லை, போனால் கேட்பார் என்ற பயம். பங்குனியில் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். சித்திரையில் இறந்தார்.

துக்கத்துக்குப் போயிருந்தேன். பொன்னாடை போர்த்தியவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அவர் எழுதிய அஞ்சலிக் கவிதைகளில் ஒன்றையே பெயர் மாற்றி அவருக்குப் போஸ்டராக ஒட்டியிருந்தார்கள். தூக்குகிற நேரத்தில் மகன் என்னிடம், "சித்தப்பாவுக்குச் சொல்லி விட்டோம். வரல," என்றார். நான் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இவ்வளவும் மனதுக்குள் கிடக்க, இரண்டு வருடம் சும்மா இருந்தேன். ஜெயந்தி கொண்டுவந்த அச்சுப் படியில் 'தீ' இருந்தது. 'தம்பி வரவில்லை' என்று முடிந்தது. "ஐயா எழுதுனதுலயே இந்த முடிவுதேன் மேடம் பெரிசு, பாடமாவே வைக்கலாம்," என்றாள் அவள். புத்தகம் வந்துவிட்டால் அந்தப் பொய் இனி அசையாது. மறுநாள் காலையில் தேனியில் கூடலூர் பஸ் ஏறினேன். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் எல்லாம் தாண்டி இறங்கியபோது மணி பார்த்தேன். இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

சீனிவாசனுக்கு எழுபத்தைந்து இருக்கும். ஜீப்பை விற்றுவிட்டார். நெற்றியும் மூக்கும் அப்படியே அண்ணன். யார் என்று சொன்னதும் முகம் இறுகியது, ஆனாலும் உட்காரச் சொன்னார். அவர் மனைவி குமுளிப் பக்கத்துக்காரர், பால் விடாத கட்டன் சாயா கொண்டுவந்து வைத்தார். நான் ஆற விட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்கேல், மடிப்பு, ஆடித் தள்ளுபடி, நாலாவது தாள், ஆஸ்பத்திரியில் கவிஞர் சொன்னது எதையும் விடவில்லை.

அவர் எழுந்துபோய் பீரோவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தார். உள்ளே 'தீ' வந்த பக்கம். மஞ்சளாகிப் போயிருந்தது. கீழே ஜவுளிக்கடை விளம்பரம்.

"போன் பண்ணுனதே நாந்தேன். அண்ணன்ட்டச் சொல்லிட்டேன்னு கடைக்காரர் எங்கிட்டயே சொன்னாரு. அவுகளுக்குத் தெரியும்ங்கிறது எனக்கு அன்னிக்கே தெரியும்," என்றார். "இதப் படிக்கையில ஒவ்வொரு வரியா வருது, வருதுன்னே படிச்சேன். தெருமுனைக் கடைய எழுதிட்டாக, அங்க போன் இருக்கிறத எழுதிட்டாக, அடுத்து நெசம் வந்துருச்சுன்னு நெனச்சேன். அங்கன வந்து நிப்பாட்டிட்டாக. இம்புட்டுத் தூரம் வந்த மனுசன் அந்த ஒத்த வார்த்தய எழுத மாட்டேனுட்டாகளேன்னுதேன் வெறுத்துப்போச்சு. மொதக் கட்டுரைக்குக்கூட எனக்கு அம்புட்டுக் கோவம் இல்ல."

"எழுதுனாக. நாந்தேன் மடிச்சேன்."

அவர் அந்தப் பக்கத்தின் கடைசி வரியில் விரலை வைத்துக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரியில எப்பச் சொன்னாக?"

"தை மாசம்."

"அவுக போனது சித்திரையில."

"ஆமா."

"தேனிக்கும் கூடலூருக்கும் பஸ்ஸு ஓடிக்கிட்டுத்தேன இருந்துச்சு?"

கோபமாகக் கேட்கவில்லை. விவரம் கேட்கிற மாதிரிதான் கேட்டார். அவர் மனைவி ஆறிய டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பஸ் ஸ்டாண்ட் வரை சீனிவாசனே கூட நடந்து வந்தார். பஸ் கிளம்பும்போது, "புத்தகம் வந்தா ஒண்ணு குடுத்து விடுங்க," என்றார்.

கட்டுரைக்குக் கீழே போட வேண்டிய குறிப்பை அந்தப் பஸ்ஸிலேயே எழுதினேன். கம்பம் தாண்டியதும் தொடங்கினேன். எழுத்து ஆடியது, பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். கவிஞரின் நாலாவது தாளை என் வார்த்தையில் எழுதி ஒட்டவைக்க எனக்கு உரிமை கிடையாது. அதனால் நாலே வரி எழுதினேன்: இந்தக் கட்டுரை இங்கே முடியவில்லை. இதன் கடைசித் தாள் 'இது பொய்' என்று தொடங்கியது, தம்பி வந்துகொண்டிருந்த செய்தி தமக்குத் தெரியும் என்று அதில் கவிஞர் எழுதியிருந்தார். அந்தத் தாளைப் படிக்காமல் வெட்டியவள் நான். இதை அவர் சொல்லித் தம்பியிடம் போகச் சொன்ன பிறகும், அவர் உயிரோடு இருந்த மூன்று மாதமும் நான் கூடலூருக்குப் போகவில்லை.

ஜெயந்தி குறிப்பைப் படித்துவிட்டுக் கடைசி வரிக்குப் பக்கத்தில் பென்சிலை வைத்தாள். நல்ல பெண், என் மனம் நோகக் கூடாது என்றுதான் சொல்லியிருப்பாள்.

"மேடம், பக்கத்துலயும் எடம் கம்மியாத்தேன் இருக்கு. கடைசி வரி மட்டும் வேணாமே. அது உங்க சொந்த விசயம். படிக்கிறவகளுக்கு அது எதுக்கு?"

"படிக்கிறவகளுக்கு இல்லம்மா, கூடலூர்ல ஒருத்தருக்கு," என்றேன். "எடம் பத்தலைன்னா மேல எதையாச்சும் எடுத்துக்க. கடைசி வரிய மடிக்காத."